இரண்டாவது கோடு

"மழை வருமா அக்கா?" என்று அவளிடம் கேட்டுவிடக் கூடாது. வாசலில் தூறல் விழுந்துகொண்டிருக்கும். எதிர்க் கடைக்காரர் உருளைக்கிழங்கு மூட்டைகளைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டிருப்பார். அக்கா எழுந்து வந்து, கையை வெளியே நீட்டிப் பார்த்து, மேலே தகரக் கூரையையும் ஒரு பார்வை பார்த்து, "கூரையில நின்ன தண்ணியாக்கூட இருக்கலாம்" என்பாள். தெருவில் போகிற யாராவது குடையை விரிக்கிறார்களா என்று காத்திருப்பாள். விரித்த பிறகுதான் "மழைதான்" என்பாள். அதற்குள் கொடியில் நான் காயப்போட்ட துணியெல்லாம் தொப்பலாக நனைந்திருக்கும்.

நான் அவசரக்காரி. கதவு தட்டுகிற சத்தத்தை வைத்தே வந்திருப்பது யார், என்ன கேட்க வந்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டிவிடுகிறவள். அக்கா எனக்கு நேர் எதிர். ஒன்றைக் கண்ணால் பார்த்தாலும் "இருக்கு" என்று சட்டென்று சொல்ல மாட்டாள். பார்க்கவில்லை என்றால் "இல்லை" என்றும் சொல்ல மாட்டாள். "தெரியல. இன்னொண்ணு வரட்டும்" என்பதுதான் அவள் பேச்சு. அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பித்தம் தலைக்கேறியிருக்கிறது. அதே பேச்சுக்காக அவளை மனசுக்குள் மதித்தும் இருக்கிறேன்.

குன்னூர் மார்க்கெட்டை ஒட்டி எங்களுக்கு ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. தேயிலை விலை படுத்துக் கிடந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் தேயிலை ஏலப் புரோக்கர் ஆபீஸில் கிளார்க்காக இருந்தவர். ஆபீஸில் ஆளைக் குறைத்தபோது கையில் கொடுத்து அனுப்பியதைக் கொண்டு சில கம்ப்யூட்டர்களும் ஒரு எஸ்.டி.டி. பூத்தும் போட்டோம். வருகிறவர்களில் பாதிப் பேர், திருப்பூரில் வேலை இருக்கிறதா என்று போனில் விசாரிக்க வருகிற எஸ்டேட் ஆட்கள். மீதிப் பேர் நடிகைகளின் படம் பார்க்க வருகிற காலேஜ் பையன்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு நாள், ஸ்வெட்டருக்கு மேலே துப்பட்டாவைத் தலையோடு சுற்றிக்கொண்டு, பை நிறைய சி.டி.யோடு அக்கா வந்து நின்றாள்.

"அந்த ஓரத்துக் கம்ப்யூட்டரை எனக்கு மாச வாடகைக்குத் தர முடியுமா? எங்க எஸ்டேட்டுல கரண்ட்டு நிலையில்ல."

"என்ன வேலைங்க்கா?"

"கேலக்ஸி பாக்கற வேலை."

என் வீட்டுக்காரர் அது ஏதோ டிராவல்ஸ் கம்பெனி என்று நினைத்துவிட்டார்.

அவள் எஸ்டேட் லயத்தில், கூலி ஆட்களின் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவள். கோயம்புத்தூரில் இயற்பியல் படித்து, அங்கிருந்து வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனவள். அம்மா இல்லை. அப்பாவுக்கு நெஞ்சு சரியில்லை என்று, கொஞ்ச காலம் ஊரிலிருந்தே வேலை பார்க்கப் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி வந்திருந்தாள். விண்மீன் ஆராய்ச்சி என்றதும் நான் கேட்ட முதல் கேள்வி, "நைட்டெல்லாம் முழிச்சிருப்பீங்களாக்கா?" என்பதுதான்.

"முழிச்சவங்க வேற. எங்கேயோ ஒரு மலை உச்சியில பெரிய டெலஸ்கோப் வெச்சு எடுத்துட்டாங்க. நான் பகல்ல உக்காந்து அதைப் பொறுக்கறேன்."

"அரிசியில கல்லுப் பொறுக்கற மாதிரிங்களா?"

"கல்லுல அரிசி பொறுக்கற மாதிரி" என்று சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது கொஞ்சம்தான்.

திரையில் கோணல்மாணலாக ஒரு வரைபடம் ஓடும். அவள் பார்த்தது மிகமிகத் தொலைவிலிருக்கும் விண்மீன் திரள்களை. அங்கே புது நட்சத்திரங்கள் பிறந்துகொண்டிருக்குமாம். பிறக்கிற இடத்தில் சுற்றியிருக்கும் வாயு சூடேறி, குறிப்பிட்ட ஒரு நிறத்தில் பளிச்சென்று ஒளிவிடுமாம். வந்து சேர்கிற வெளிச்சத்தை நிறம் நிறமாகப் பிரித்தால், அந்த நிறத்துக்கு உரிய இடத்தில் முள் மாதிரி ஒன்று நிமிர்ந்து நிற்கும். அக்கா அதைக் கோடு என்பாள். திரள் நம்மை விட்டு விலகி ஓடுவதால் கோடு சிவப்புப் பக்கமாக நகர்ந்திருக்கும். எவ்வளவு நகர்ந்தது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று சொல்லிவிடலாம். சங்கடம் என்னவென்றால், வந்து சேர்வது அவ்வளவு மங்கலான வெளிச்சம். நம் தலைக்கு மேலிருக்கும் வானமே இருட்டில்கூடத் தானாகக் கொஞ்சம் ஒளிருமாம். அந்த ஒளியிலும் கோடுகள் உண்டு. திரளின் கோடு புல் உயரம் என்றால் வானத்தின் கோடுகள் கற்பூர மரம் உயரம். அதனால் முதலில் வானத்தைக் கழிக்க வேண்டும். சரியாகக் கழிக்காவிட்டால் மிச்சமிருக்கும் வானமே ஒரு கோடாக நின்று, இங்கே நட்சத்திரம் பிறக்கிறது என்று நம்மை ஏமாற்றிவிடும்.

"அதனாலதான் ஒரு கோட்டைப் பாத்து நம்பக் கூடாது. ரெண்டாவது கோடும் அது இருக்க வேண்டிய இடத்துல இருக்கணும். தூரத்துல ஒருத்தர் நடந்து வர்றாரு, நடையைப் பாத்தா உன் வீட்டுக்காரர் மாதிரி இருக்கு. குரலையும் கேட்டுட்டுத்தானே கதவைத் தொறப்ப?"

"நடையே போதுங்க்கா. அந்த நடை வேற யாருக்கும் வராது."

அக்கா அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. "அது உன் அதிர்ஷ்டம்" என்றாள்.

ஒரு தடவை கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்றிலிருந்து என் வீட்டுக்காரரை இன்டர்வியூவுக்கு வரச் சொல்லிப் போன் வந்தது. நான் அன்றைக்கே கேசரி கிண்டிவிட்டேன். அக்காவுக்கும் ஒரு கிண்ணத்தில் கொடுத்தேன். ருசித்துச் சாப்பிட்டுவிட்டு, "இன்னும் எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்காங்கன்னு கேட்டீங்களா?" என்றாள்.

"வாயில கேசரி இருக்கும்போதாச்சும் நல்லதா ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

அவள் முகம் சுருங்கிப்போனது. "நான் கெட்டதா ஒண்ணும் சொல்லலியே" என்றாள். உண்மைதான், சொல்லவில்லை. போய்ப் பார்த்தால் மலையிலிருந்து வேலை போன கிளார்க்குகள் எல்லாரும் அங்கேதான் வரிசையில் நின்றார்களாம். அவர் வெறுங்கையோடு வந்தார். கம்பெனிக்காரன் மேல் வராத கோபம் எனக்கு அக்கா மேல் வந்தது. ரொம்ப நாள் அவளுக்கு டீ கொடுக்கவில்லை.

அவளுடைய பேராசிரியர் எங்கள் பூத்துக்குத்தான் போன் செய்வார். இங்கிலீஷில் பேசினாலும் விஷயம் எனக்கு விளங்கும். அவள் பார்த்த திரள்களில் ஒன்றில் அழகான ஒரு கோடு நிமிர்ந்து நின்றது. அது ஹைட்ரஜனின் கோடாக இருந்தால், அதுவரை யாரும் எட்டிப் பார்க்காத தூரத்தில் அந்தத் திரள் இருக்கிறது என்று அர்த்தம். பேராசிரியருக்கு அதை உடனே வெளியிட வேண்டும். வெளியிட்டால் அக்காவுக்கும் உதவித்தொகை நீளும், வேலையும் நிலைக்கும். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. பக்கத்திலிருக்கும் ஒரு திரளின் ஆக்சிஜன் கோடும் நகர்ந்து வந்து அதே இடத்தில் விழக்கூடும், இரண்டாவது கோடு இல்லாமல் தன் பெயரைப் போட மாட்டேன் என்றாள். போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

"பேரைப் போட்டுட்டுப் போங்களேன்க்கா. அவ்ளோ தூரத்துல போய் யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாத்திருக்கேன்ல" என்றாள்.

பின்னொரு வருஷம் வேறு ஒரு குழு இன்னும் பெரிய டெலஸ்கோப்பில் பார்த்து, அது பக்கத்துத் திரள்தான் என்று இரண்டாவது கோட்டோடு எழுதியது. உன்னால் என் மானம் பிழைத்தது என்று பேராசிரியர் மெயில் அனுப்பினார். அக்கா படித்தாள், மூடினாள், எழுந்து போய்விட்டாள். அந்தச் சமயத்தில் அவளுக்கு யார் வாயிலிருந்தும் பாராட்டு கேட்கப் பிடிக்காமல் போயிருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அவள் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெரியவர் இலங்கையிலிருந்து திரும்பியவர். அங்கே தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்களாம். இங்கே வந்து தலை நரைத்த பிறகும் அவருக்கு அது ஸ்டோர்தான். தூள் சலிக்கிற அறையில் வேலை. தூள் நெஞ்சில் இறங்கி, மூச்சு விட்டால் விசில் மாதிரி சத்தம் வரும். இந்தக் குளிரை விட்டுக் கீழே இறங்கினால்தான் தாங்குவார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்காவின் தம்பி திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தான். அப்பாவுக்காகவே கூடுதலாக ஓர் அறையுள்ள வீடு பிடித்திருந்தான். வாரம் தவறாமல் போன் செய்து, "அப்பாவ அனுப்பிவிடுக்கா" என்று கெஞ்சுவான்.

பெரியவர் நகரவில்லை. எஸ்டேட் மூடிக் கிடந்தது. விலை விழுந்ததும் முதலாளி சம்பளத்தை நிறுத்தினார். பிறகு தொழிற்சாலையைப் பூட்டினார். பிறகு மானேஜரும் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். மூடிவிட்டோம் என்று யாரும் சொல்லவில்லை, திறப்போம் என்றும் சொல்லவில்லை. லயத்தைக் காலி செய்தால் வேலையை விட்டதாக ஆக்கிவிடுவார்கள், இத்தனை வருஷ சர்வீஸும் வீடும் போய்விடும் என்று ஆட்கள் பயந்து கிடந்தார்கள். பெரியவருக்கு அதற்கு மேலும் ஒரு காரணம் இருந்தது. நான் போயிருந்தபோது அவரே சொன்னார்.

"அங்க நாலு பேரு கெளம்புறாங்கன்னு நானும் கெளம்பிக் கப்பலேறிட்டேன். ஊருக்குப் போனா நெலம் குடுப்பாங்கன்னு எவனோ சொன்னான். வந்து பாத்தா குளிரத்தான் குடுத்தாங்க. இனி உறுதியாத் தெரியாம ஒரு அடி எடுத்து வைக்க மாட்டேன். ஸ்டோரு தொறக்காதுன்னு என் மக சொல்லட்டும். அன்னைக்கே வண்டியேறுறேன்."

அப்பாவும் மகளும் ஒரே அச்சு. எனக்குச் சிரிப்புதான் வந்தது அன்றைக்கு.

தம்பி ஒரு ஞாயிற்றுக்கிழமை வேனோடு வந்துவிட்டான். போன் பேசிப் பேசி எனக்கும் அவன் பழக்கமாகியிருந்ததால், பெரியவரிடம் நானும் இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும் என்று என்னையும் வழியில் ஏற்றிக்கொண்டான். என்ன மந்திரம் போட்டானோ, கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரலாம் என்ற அளவுக்கு அவர் இறங்கி வந்தார். டிரங்குப் பெட்டியை வேனில் ஏற்றியாயிற்று. அவர் மப்ளரைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருந்தபோது, கீழ் லயத்திலிருந்து ஒரு சத்தம் கிளம்பியது.

"ஸ்டோருல புகை! ஸ்டோருல புகை வருது!"

பார்த்தால் உண்மையிலேயே தொழிற்சாலைப் புகைபோக்கியிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. ஜனங்கள் ஓடினார்கள். ஒரு பெண் குலவையிட்டாள். பெரியவர் முகத்தில் வந்த மலர்ச்சியை என்னால் மறக்க முடியாது. "சாமானை எறக்குடா" என்றார் மகனிடம்.

அக்கா மட்டும் ஓடவில்லை. விறுவிறுவென்று நடந்து தொழிற்சாலையின் பின்பக்கம் போனாள். நானும் கூடப் போனேன். உலை வாய்க்கு முன்னால் வாட்ச்மேன் குந்தியிருந்தார். மக்கிப்போன சாக்குகளை உள்ளே தள்ளி எரியவிட்டுக் குளிர் காய்ந்துகொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திருடனைப் போல எழுந்து நின்றார்.

அக்கா திரும்பி வந்து கூட்டத்துக்கு நடுவில் நின்று உள்ளதை உள்ளபடி சொன்னாள். குலவையிட்ட பெண்ணுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. "நாலெழுத்துப் படிச்சா நாக்கு இப்படித்தான் போகுமா? ஒரு பொழுது சந்தோசமா இருக்க விட மாட்டியா நீ?" என்று கத்தினாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

பெரியவர் மகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஸ்டோரு தொறக்க மாட்டாங்களா?"

"இந்தப் புகைய வெச்சு அப்படிச் சொல்ல முடியாதுப்பா. மெஷினெல்லாம் உள்ளதான் இருக்கு. வாட்ச்மேனுக்குச் சம்பளம் வந்துக்கிட்டுத்தான் இருக்கு. தெரியலப்பா."

தம்பி அவள் கையைப் பிடித்துத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் இழுத்துப் போனான். நான் பக்கத்திலேயே இருந்தேன்.

"உன் மனசுல என்னக்கா தோணுது? அதைச் சொல்லு."

"தொறக்காதுன்னுதான் தோணுது."

"அதை அவருகிட்டச் சொல்லேன்! ஒரே ஒரு வார்த்தை. வண்டியில ஏறிருவாரு."

"எனக்குத் தோணுறதை உறுதின்னு எப்படிடா சொல்றது? அவரு உறுதியத்தானே கேக்கறாரு? நாளைக்கே தொறந்துட்டா அவரு சர்வீஸ் பூராப் போயிரும். அப்ப அவரு மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"பொய்யாச்சும் சொல்லித் தொலையேன்!"

அக்கா அழுதாள். ஆனால் சொல்லவில்லை. பெட்டி இறங்கியது, வேன் காலியாகப் போனது. அவளை ஓங்கி ஓர் அறை விடலாமா என்று எனக்கு இருந்தது. நானாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொய்யை எடுத்துவிட்டு, அவரைத் தூக்கி வண்டியில் போட்டிருப்பேன். சர்வீஸாவது மண்ணாவது.

அதற்குப் பிறகு மழைக்காலம் வந்துவிட்டது. அந்த வருஷம் விடாத மழை. லயத்துச் சுவரெல்லாம் ஓதம் ஏறி, விறகு எரியாமல் புகைந்தது. எஸ்டேட் மருந்தகத்தில் பூட்டுத் தொங்கியது. ஒரு சாயங்காலம் பெரியவருக்கு மூச்சு அடைத்துக்கொள்ள, லயத்து ஆட்கள் அவரைக் கம்பளியில் கிடத்தித் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்து, கேரட் லாரி ஒன்றை நிறுத்தி அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தம்பி பதறி ஓடி வந்து, வேலை போய்விடும் என்று திரும்பி ஓடினான். அக்கா ஆஸ்பத்திரிக்கும் என் கடைக்கும் நடந்தாள். கம்ப்யூட்டரைத் திறந்து வைத்து, எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பாள். என் கோபமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. அவளுக்கு மறுபடி டீ கொடுத்தேன்.

கொஞ்ச நாளில் ஒரு காலை, நனைந்த துணியோடு கடைக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஸ்டோர்லேர்ந்து எலை உருட்டற ரோலரெல்லாம் லாரியில ஏத்திட்டாங்க. நானே போய்ப் பாத்துட்டேன். வாட்ச்மேனையும் கணக்கு முடிச்சு அனுப்பிட்டாங்க. அவரையும் கேட்டுட்டேன்." மூச்சு வாங்கினாள். "இப்ப சொல்லலாம்."

அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. தேடிக்கொண்டிருந்தது கையில் கிடைத்துவிட்டவளின் நிம்மதி. எனக்கு அவளைக் கண்டு முதன்முறையாகப் பயம் வந்தது.

"படுத்துக் கெடக்கறவர்கிட்டப் போய் இதை எதுக்குங்க்கா சொல்லோணும்?"

"தினமும் கேக்கறாரும்மா. கண்ணு முழிச்சதும் அதைத்தான் கேக்கறாரு."

அவளைத் தனியே விட மனசில்லை. பிளாஸ்க்கில் கஞ்சி ஊற்றிக்கொண்டு நானும் போனேன். பெரியவர் தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது என்று அப்படி வைத்திருந்தார்கள். நெஞ்சின் விசில் வார்டு வாசலுக்கே கேட்டது. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ரோலர் போனதையும் வாட்ச்மேன் போனதையும் நிதானமாகச் சொன்னாள்.

"ஸ்டோரு இனி தொறக்காதுப்பா."

"உறுதியாவா?"

"உறுதியாத்தான்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். வெகு நேரம் ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் கஞ்சியை டம்ளரில் ஊற்றினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

"தம்பி வண்டியோட வந்து நின்னானே, அன்னைக்கு உனக்கு என்ன தோணுச்சு?"

அப்போதாவது அவள் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லு, சொல்லு என்று நான் மனசுக்குள் கிடந்து தவித்தேன்.

"தொறக்காதுன்னுதான் தோணுச்சுப்பா."

பெரியவர் மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அவருக்குக் கோபம் இல்லை. சிறு பிள்ளைக்குச் சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

"அதைச் சொல்லியிருந்தாப் போதுமே புள்ள. உனக்குத் தோணுனா அதுதானே எனக்கு உறுதி."

அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சரி, தம்பிய வண்டி கொண்டாரச் சொல்லு. போவோம்" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து என் பூத் வரை அவள் மழையில் ஓடினாள். அவள் ஓடி நான் பார்த்தது அன்றைக்குத்தான். தம்பி அந்த நிமிஷமே வேன் பிடித்துக் கிளம்பினான். மலையேறுகிற வழியில் பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. திரும்பி, கோத்தகிரி வழியாகச் சுற்றிக்கொண்டு அவன் வந்து சேர்ந்தபோது, பெரியவரின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்.